படுக்கையில் கிடந்தவனின் பங்கு

வலது கையில் பிசைந்து எடுத்த சோறு வாய்க்கு வரவில்லை, மடியில் விழுந்தது. ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனியின் கேண்டீன் அது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் கவனித்தேன். அவ்வளவு கூச்சம். சட்டையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். சூப்பர்வைசர் ஏதோ கேட்டபோது என் வாயிலிருந்து வெறும் உளறல் வந்தது. அதன் பிறகுதான் வேனில் ஏற்றினார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்படி நடந்தால் கூச்சப்படாதீர்கள், கத்துங்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). கூடவே பேச்சிழப்பு (சொல் மனதில் இருக்கும், வாய்க்கு வராது). வலது பக்கம் முழுவதும் யாரோ ஒருவருடைய உடம்பு போலக் கிடந்தது.

அதை விதி என்று விட்டுவிடலாம். பிறகு நடந்ததை அப்படி விட முடியவில்லை.

சம்பளம் வரும் பேங்க் கணக்கு என் பெயரில் மட்டும் இருந்தது. ஏடிஎம் ரகசிய எண் என் தலைக்குள் மட்டும் இருந்தது. மனைவி மேரி கார்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, "விரலால காட்டுங்க, போதும்" என்றாள். இடது கையை விரித்தேன். மனம் ஒன்று சொன்னது, விரல் வேறொன்று காட்டியது. மூளையில் அடிபட்டால் எண்களும் குழம்பும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதற்குள் தவறான எண்களால் கார்டு முடங்கிவிட்டது.

பேங்கில், "அக்கவுண்ட்காரரையே கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்களாம்.

"அவரு எந்திரிச்சு வர்ற நெலமையில இருந்தா நான் எதுக்கு சார் வர்றேன்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் தோடு அடகுக்குப் போனது. என் உழைப்பு பேங்கில் பத்திரமாக இருந்தது, எங்களிடமிருந்தும் பத்திரமாக.

இனி நிலத்தின் கதை. சூளகிரிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன் சவரிமுத்துவும் நானும் பிரித்துக்கொள்ளவே இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் பலர் இப்படித்தான். துண்டு போட்டால் கம்பெனிக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான், ஒரே பிளாக்காக இருந்தால்தான் விலை என்று சொல்லிக்கொண்டு, வராத கம்பெனிக்காகப் பட்டாவைக் கூட்டாகவே வைத்திருப்பார்கள். மேரி ஒருமுறை பாகம் பிரிக்கும் பேச்சை எடுத்தாள். "ஏம்மா, எந்தம்பி நல்லா இருக்கறப்பவே பங்கு கேக்கறியா?" என்று அண்ணன் சிரித்தார். சர்ச்சுக்குப் போய்வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். உயில் என்று சொன்னாலே எங்கள் வீடுகளில் யாரோ சாகக் காத்திருப்பதாக அர்த்தம்.

நான் படுத்ததும் நிலம் கேட்டு அந்தக் கம்பெனி வந்துவிட்டது.

அண்ணன் ஒரு பத்திர எழுத்தரோடு வார்டுக்கு வந்தார். "தம்பி, நல்ல பார்ட்டி. ஒரு பவர் மட்டும் எங்கிட்ட குடுத்துடு. வைத்தியத்துக்கும் ஆவும் பாரு." பவர் என்றால் எனக்குப் பதிலாக என் பங்கை அவரே விற்கும் அதிகாரம்.

"எதுக்கு மாமா இப்ப? எழுந்து நடக்கட்டும்" என்றாள் மேரி.

"இவன் எழுந்து நடக்கறது எந்தக் காலம்? நீ சும்மா இரும்மா. இது அண்ணன் தம்பி விஷயம்."

"ரேகை வெச்சா போதுங்க" என்றார் எழுத்தர். "பதிவுக்கு ஆபீசரை வீட்டுக்கே கூட்டிக்கலாம். பேச்சு வராட்டி என்ன, தலையாட்டினா சரி."

என் தலைக்கு மேலே, என்னைப் பற்றி, நான் இல்லாதது போலப் பேசினார்கள். நான் எதற்கும் தலையாட்டுகிறவன் என்று அண்ணனுக்குத் தெரியும்.

ஆண்களிடம் இடது பெருவிரல் ரேகை வாங்குவதுதான் வழக்கம். வலது கையைப் பிடித்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர்கள் பிடித்தது உயிருள்ள கையை. பெருவிரலை உள்ளே மடித்து, மற்ற விரல்களால் இறுக்கிக்கொண்டேன். அண்ணன் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தார்.

"டேய், விடுறா." எழுத்தரிடம் திரும்பி, "நரம்பு இழுத்துக்குதுங்க, புத்தியோட செய்யல" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கன்னடக்கார லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "கையே பேடா, வேண்டாம்னு சொல்லுது. ஒனக்கு மட்டும் புரியலையா? விடப்பா."

வார்டில் யாரோ சிரித்தார்கள். மேரி மைப்பெட்டியை மூடி எழுத்தர் கையில் கொடுத்தாள். "கீழ கேண்டீன்ல காப்பி நல்லா இருக்கும். குடிச்சிட்டுப் போங்க."

மாதங்கள் போயின. இயன்முறைச் சிகிச்சையில் (பயிற்சியால் தசைகளை மறுபடி பழக்குவது) கால் வந்தது, கை பாதி வந்தது, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் அண்ணனுக்கானது. அதை இங்கே அச்சில் போட முடியாது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டில் ஒரு நாள் உட்காருங்கள். பேங்க் கணக்கில் மனைவியையோ கணவனையோ சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்யாணத்துக்கு முன் எழுதிய வாரிசுதாரர் (நாமினி) பெயர்களை எடுத்துப் பாருங்கள். என் கணக்கில் அது அண்ணன் பெயராகவே இருந்தது, எனக்கே நினைவில்லை. கூட்டுப்பட்டாவைப் பிரியுங்கள். நான் பிரிக்கக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றார்கள். நான் பதிவு செய்தேன். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு கிருஷ்ணகிரிக்குப் போனோம். பதிவாளர் மேரியைப் பார்த்து, "இவருக்குச் சுயநினைவு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"அவருகிட்டயே கேளுங்க சார்."

வாயைத் திறந்தேன். இப்போதெல்லாம் என் உடம்பில் ஒரு பாதி முன்னே போகிறது, மறு பாதி அதன் பின்னால் வந்து சேர்கிறது. பேச்சும் அப்படித்தான். என் பெயரைச் சொன்னேன். நிலத்தைச் சொன்னேன். அது யாருக்கு என்று சொல்லத் தொடங்கியபோது சொல் நின்றுவிட்டது. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் இருமினார். முன்பென்றால் ஒதுங்கி வழிவிட்டிருப்பேன். மேரி எனக்காகப் பேச வாயெடுத்தாள், கையமர்த்தினேன். எல்லோரையும் நிற்கவைத்துவிட்டு, என் மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தேன்.