பானெட்டு மேல வெச்ச கை

ஒரு உள்ளங்கை. எனக்கு எல்லாமே அதுலருந்துதான் ஆரம்பிக்குது. தடிச்சுக் காஞ்சுபோன கை, ரேகைக்குள்ள தேயிலைக் கறை ஏறிக் கருத்துக் கெடந்தது. நாங்க விக்க வெச்சிருந்த ஜீப்போட பானெட்டு மேல அத வெச்சு, கொழந்தைக்குக் காய்ச்சல் பாக்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டு நின்னாரு மனுசன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு வந்த சிரிப்ப இப்ப நெனச்சா காது ரெண்டும் சுடுதுங்க.

நான் ஒம்பதாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். படிப்புதான் ஏறல, வாய் நல்லா வளந்துச்சு. அந்த வாயப் பாத்துத்தான் பாலக்காட்டு எல்லைல, கோவிந்தாபுரத்துல பழைய வண்டி விக்கற எங்க மொதலாளி வேலைக்கு எடுத்தாரு. ஷோரூம்னு போர்டுல இருக்கும். கண்ணாடிக் கதவத் தேடாதீங்க, தகர ஷீட்டு, எட்டு வண்டி, கறகறன்னு ஒரு ஃபேனு, அவ்ளோதான். வண்டி களுவறது என் வேலை, வர்றவங்களச் சிரிக்க வெக்கறதும் என் வேலை. சிரிக்கற ஆளு வண்டிக்கு அடில குனிஞ்சு பாக்க மாட்டான்னு மொதலாளி சொல்லுவாரு.

அந்த டீசல் ஜீப்புக்கு ஒரு வியாதி. இன்ஜின் ஆறிப் போச்சுன்னா ஸ்டார்ட் ஆவாது, நாலு பேரு தள்ளோணும். ஒருக்கா சூடாயிருச்சுன்னா சாவியத் தொட்டாப் போதும், பூன மாதிரி ஒறுமும். இன்ஜினப் பிரிச்சு வேலை செய்யோணும்னு மெக்கானிக் சொன்னாரு. மொதலாளி கேக்கல. ஆளு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஓட விட்டு நிறுத்தி வெக்கச் சொன்னாரு. எங்க கடைல அதுக்குப் பேரு எழுப்பறது. "மாப்ள ஊட்டார் வர்றதுக்குள்ள பொண்ணு குளிச்சிருக்கோணும்டா"ம்பாரு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அந்தக் கைக்காரர் மூணாறு மலைல, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுல இருந்து வந்தவரு. தேயில ஃபேக்டரில எலைய வறட்டற மிசினுக்கு ட்ரையர்னு பேரு, அதுல முப்பது வருசம் நின்னு ரிட்டயர் ஆனவரு. அதனால நான் ட்ரையர் அண்ணாச்சின்னுதான் கூப்பிட்டேன். கேரளா நம்பர் வண்டிதான் வேணும்னு, விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி, மறையூரு, உடுமலை, பொள்ளாச்சின்னு தமிழ்நாட்டச் சுத்திக்கிட்டு பொண்டாட்டியோட வந்தாரு. எஸ்டேட்டு லைன் வீட்டுப் புள்ளைங்க பதினோரு பேர பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயி உடறதுக்குப் பேசி வெச்சிருந்தாரு. காலைல ஏழு மணி ட்ரிப்பு. ரிட்டயர் ஆனப்ப வந்த சர்வீஸ் பணம் மொத்தமும் வண்டிக்குன்னு வந்தவுடனே சொல்லிட்டாரு, பாவம், எங்ககிட்டயே. அதுக்கு முன்னாடியே, பொள்ளாச்சி தாண்டுனதும் ஃபோன் பண்ணிருந்தாங்க. அப்பவே நான் போயி ஜீப்ப எழுப்பிட்டேன்.

"தம்பி, வண்டி எங்கயும் போய்ட்டு வந்துச்சா?"

"இல்லீங்க அண்ணாச்சி. காத்தால இருந்து இவத்தயேதான் நிக்குது."

"அப்பம் ஏன் சுடுது?"

"வெயிலுங்க."

"வெயிலுன்னா மேலாக்கல்லா சுடும். இது அடியிலேருந்து வருது. இந்தக் கையால தொட்டே எலை என்ன சூட்டுல இருக்குன்னு சொல்லுவேன் தம்பி. கொஞ்சம் ஆறட்டும், நாங்க சாயா குடிச்சிட்டு வாரோம்."

ஆற விட்டா கத முடிஞ்சுது. மொதலாளி என்னையப் பாத்தாரு. நான் வாயத் தொறந்தேன்.

"அண்ணாச்சி, உங்க மலைல வெயிலு ஒறம்பரை மாதிரி, எப்பவாச்சும் வந்துட்டுப் போயிரும். எங்க பாலக்காட்டு வெயிலு ஊட்டோட மாப்ளைங்க, போகவே போகாது. தரையில இருந்து வரும், சொவத்துல இருந்து வரும். ட்ரையர்லயே நின்னு நின்னு உங்க கைக்கு எதத் தொட்டாலும் ட்ரையராத் தெரியுது. என் மண்டையத் தொட்டுப் பாருங்க, உள்ள இன்ஜின் ஓடுதும்பீங்க."

மொதலாளி சிரிச்சாரு. அவரு கூட வந்த அந்தக்கா சேலைத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "விடுங்களேன், அந்தத் தம்பிக்குத் தெரியாதா? அவுக ஊரு வெயிலு" அப்படின்னாங்க. அண்ணாச்சி கைய எடுத்தாரு. உள்ளங்கையத் திருப்பி ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் தப்பு செஞ்ச மாதிரி அத பேண்டு பாக்கெட்டுக்குள்ள உட்டுக்கிட்டாரு. சாவியப் போட்டேன், தொட்டதுமே ஒறுமுச்சு. கனால் ரோட்டுல ஒரு சுத்து. வண்டி வித்துப் போச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு பேரு மாத்துன ஆர்.சி.யக் குடுத்துட்டு வரச் சொல்லி என்னைய அனுப்புனாங்க. முந்தின நாளே மூணாறு போயி கூட்டாளி ரூம்ல படுத்துட்டு, காலைல ஆறரைக்கு அவங்க லைனுக்குப் போனேன். மழை விட்டு மஞ்சு எறங்கிக் கெடந்தது. ஜீப்பு எறக்கத்தப் பாத்து நிக்குது, சக்கரத்துக்கு கல்லு. பானெட்டத் தொறந்து இன்ஜின் மேல சாக்கப் போட்டு, அந்தக்கா வெந்நி ஊத்திட்டு இருக்காங்க. பின்னாடி யூனிஃபாரம் போட்ட புள்ளைங்க பதினோரு பேரும், பைய முதுகுல மாட்டிக்கிட்டு, வண்டில கைய வெச்சு ரெடியா நிக்குதுங்க.

அண்ணாச்சி என்னையப் பாத்ததும் மூஞ்சி மலந்து, "வாங்க தம்பி, ஒரு கை கொறையுதேன்னு பாத்தேன்" அப்படின்னாரு. கோவத்துல ரெண்டு திட்டு திட்டிருந்தா நானும் திரும்பி ஏதாச்சும் பேசிருப்பேன். தள்ளுனேன். எனக்குப் பக்கத்துல ரெட்ட ஜடை போட்ட ஒரு புள்ள, "மாமா சும்மா கைய வெச்சுக்கிட்டு வாராக, தள்ளவே இல்ல" அப்படின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுச்சு. மூணாவது தடவ எறக்கத்துல உருண்டு ஸ்டார்ட் ஆச்சு. புள்ளைங்க ஓடிப் போயி ஏறுச்சுங்க, சாக்ஸ் எல்லாம் சேறு. மணி ஏழே கால் தாண்டிருச்சு.

"எங்க குளிரு இந்த வண்டிக்கு ஒத்துக்கிடல போலுக்கு தம்பி. ஒங்க ஊருல நல்லாத்தான் இருந்துச்சு" அப்படின்னாரு ஸ்டியரிங்குல இருந்து. எனக்குச் சாதகமா அவரே ஒரு பொய்யச் செஞ்சு கைல குடுக்கறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டு விடுங்க அண்ணாச்சி." ஒரு பயலும் சிரிக்கல.

வண்டி போனதுக்கப்புறம் அந்தக்கா சாயா குடுத்தாங்க. கெட்டிலக் களுவிக்கிட்டே சொன்னாங்க: "நீ அன்னைக்குச் சொன்னதுலேருந்து அவுகளுக்கு கை மேலேயே சந்தேகம் தம்பி. வெந்நி கொதிச்சிருச்சான்னு கூட என்னயத்தான் தொட்டுப் பாக்கச் சொல்லுதாக." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. தெரிஞ்சு சொன்னாங்களா, தெரியாமச் சொன்னாங்களான்னு எனக்கு இன்னும் புரியல. முப்பது வருசம் ஒரு மனுசனுக்குச் சோறு போட்ட கை. ஒரு ஜோக்குல அதக் கெடுத்துட்டு, ஆர்.சி.யக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு, சாயாவையும் குடிச்சிட்டு எறங்கி வந்தேன். ஆமாக்கா, நாங்கதான் சூடு பண்ணி வெச்சோம்னு சொல்றதுக்கு எத்தன நேரம் ஆயிருக்கும்?

ஓணம் லீவு முடிஞ்ச சமயத்துல மனசு கேக்காம ஃபோன் பண்ணுனேன். அந்தக்காதான் எடுத்தாங்க. "ட்ரிப்பு போச்சு தம்பி. புள்ளைக தெனமும் லேட்டு, பள்ளிக்கூடத்து வாசல்லயே நிக்க வெச்சிருக்காக. தாய்தகப்பன் எத்தன நாளு பொறுப்பாக? வேற ஜீப்புக்கு மாத்திட்டாக. அவுக இப்பம் ஒரு ரிசார்ட்டு கேட்டுல வாட்ச்மேனா நிக்காக. வண்டி லைனுக்குப் பொறத்தால கெடக்கு, கோழி அடையுது. இந்தா வந்துட்டாக, குடுக்கட்டா?" நான் கட் பண்ணிட்டேன்.

அந்தக் கடைய விட்டு நின்னுட்டேன்னு எழுதுனா நல்லவன் மாதிரி இருக்கும். நிக்கல. எழுப்பற வேலை மட்டும் மாட்டேன்னுட்டேன். மொதலாளி ஒரு மாதிரியாப் பாத்துட்டு அத மெக்கானிக்குக்குக் குடுத்துட்டாரு. வேலை நடந்துட்டுதான் இருக்குது. முன்ன மாதிரி எனக்குப் பேச்சு வர்றதில்ல, அதுல யாவாரம் கொறஞ்சு போச்சுன்னு கொஞ்சம் கோவம் அவருக்கு.

நேத்து உச்சி வெயில்ல, ஒரு வாரமா நகராத ஒரு வண்டி மேல கைய வெச்சு, அண்ணாச்சி மாதிரியே கண்ண மூடிக்கிட்டு நின்னு பாத்தேன். தோலச் சுட்டுது, அவ்ளோதான். அடில ஒண்ணுமே இல்ல, செத்த இரும்பு. பக்கத்துல மெக்கானிக் அப்பத்தான் எழுப்பி நிறுத்துன வண்டி. அதத் தொட்டேன். சூடு அடியில இருந்து வருதுங்க. சின்னக் கொழந்தை தொட்டாக்கூட சொல்லிரும். அவரு கை சொன்னது அத்தனையும் சரி. இத ஊருக்கே சொல்லிட்டேன் இப்ப. அவருக்கு மட்டும் இன்னும் சொல்லல.