ராஜபாளையத்தில் இருபத்து நான்கு பிராக்கெட்டுகளும் நான் எழுதிய அலைன்மென்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து ராஜபாளையம் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்காக. தொழிற்சாலைகளில் சி.எம்.எம். மெஷினுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். கருங்கல் மேசைமீது ஒரு பாகத்தை வைத்தால், சிவப்புக்கல் முனை கொண்ட மெல்லிய ஊசி அதை அங்கங்கே தொட்டுப் பார்த்து, துளைகள் வரைபடம் சொன்ன இடத்தில் இருக்கின்றனவா என்று சொல்லும். அதுதான் சி.எம்.எம். இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த வலைப்பூவைப் படிப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கூப்பிட்டவர் ஷகிலா. நூற்பாலை மெஷின்களுக்கு வார்ப்பிரும்பு பிராக்கெட் செய்யும் சிறிய தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். அங்கே எட்டு மாதத்துக்கு முன் புரோகிராம் எழுதியது நான்தான். கடைசியாகச் செய்த இருபத்து நான்கு பிராக்கெட்டும் ரிப்போர்ட்டில் அளவு தவறியவை என்று சிவப்பாக விழுகின்றன, ஆனால் ஒன்றை எடுத்து உயரம் அளக்கும் ஹைட் கேஜ் வைத்துக் கையால் அளந்தபோது குறை தெரியவில்லை என்றார். புரோகிராமில் தப்பு இருக்காது என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

"இல்லேன்னா நல்லதுதான் சார். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

மாட்டுத்தாவணியில் காலை 5.50 பேருந்து. டிக்கெட் 75 ரூபாய். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் போகும். வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், கல்லுப்பட்டி தாண்டியதும் மலை கூடவே வரும். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டித் திரும்பிக்கொண்டிருந்ததில் பத்து நிமிடம் போயிற்று. எட்டு மணிக்கு மேல் வந்தால் இன்னும் மோசம் என்று நடத்துநர் ஆறுதல் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் சேரும்போது 7.40.

ஷகிலா அந்த ஊர்க்காரர். அதே பேருந்தில் ஏறி, எனக்கு எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். ராஜபாளையம் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். அந்த அரை மணி நேரத்தில்தான் போனில் சொல்லாததைச் சொன்னார்.

அந்த பிராக்கெட்டுகளைக் கடைந்தவர் வேலுச்சாமி, மம்சாபுரத்துக்காரர். பாகங்களைக் கடைந்து துளை போடும் வி.எம்.சி. மெஷின் ஒன்றிலேயே பன்னிரண்டு வருடமாக நின்றவர். ரிப்போர்ட் சிவப்பானதும் அவரை மெஷினிலிருந்து இறக்கி, பாகங்களில் பிசிறு எடுக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு நாளாகிறது.

"அண்ணாச்சி ஒரு வார்த்த பேசல சார். அவிய பாட்டுக்கு அரத்த எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்துட்டாவ. நான் குடுத்த ரிப்போர்ட்டுதான அது. அவிய மொகத்தப் பாக்க முடியல" என்றார்.

பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்சாலை ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். முதலாளி காபியோடு காத்திருந்தார். நல்ல மனிதர்தான். வெள்ளிக்கிழமை சரக்கு ஏற வேண்டும் என்ற கவலை அவருக்கு. யாரோ அவரிடம் பெஸ்ட் ஃபிட் என்று ஒரு முறை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். துளைகள் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து, வரைபடத்தின் மேல் எப்படிப் பொருத்தினால் வித்தியாசம் மிகக் குறைவோ அப்படிப் பொருத்திக் கணக்குப் பார்ப்பது. அதைப் போட்டால் எல்லாம் பச்சையாகிவிடுமாமே, அப்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அளப்பதற்கு முன், பாகம் மேசைமீது எந்தத் திசையில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் அலைன்மென்ட். சுவரைப் பார்த்துக் கட்டிலை நேராகப் போடுவதுபோல. சுவரே கோணல் என்றால் கட்டில் கோணலாகத் தெரியும், கட்டில்மேல் குறையிருக்காது. இந்த பிராக்கெட்டின் வரைபடத்தில் அளவுகள் எல்லாம் அடித்தளத்திலிருந்தும் பெரிய துளையிலிருந்தும் தொடங்குகின்றன. திசைக்கு, மறுமுனையில் இருக்கும் காடியை, அதாவது நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தைப் பிடிக்கச் சொல்கிறது. மூன்றும் கடைந்த இடங்கள்.

புரோகிராமைத் திறந்தேன். திசைக்கு நான் காடியைத் தொடவில்லை. பக்கவாட்டு விளிம்பில், அறுபது மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் எடுத்திருந்தேன். அது கடையாத விளிம்பு, வார்ப்பில் வந்தது வந்தபடி இருக்கும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பது உடனே ஞாபகம் வந்தது. காடி ஆழம், குறுகல். நீள ஊசி மாற்ற வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் ஐம்பது விநாடி கூடும். அன்று என் முன்னால் இருந்த மூன்று மாதிரிகளிலும் விளிம்பு நேராக இருந்தது. மதியப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் வேறு. விளிம்பு போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஷகிலாவிடம் கேட்டேன். வார்ப்பை வெளியே ஊற்றித் தருபவர்கள் மூன்று வாரத்துக்கு முன் அச்சை மாற்றினார்களாம். புதிய வார்ப்பில் விளிம்பு சற்றுச் சரிவு. அறுபது மில்லிமீட்டருக்கு நாற்பது மைக்ரான், அதாவது 0.04 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 240 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் துளைகளில் அது நான்கு மடங்காகி 0.16 ஆகிறது. அனுமதிக்கப்பட்ட விலகல் 0.10.

நீள ஊசியை மாட்டி, காடியைத் தொட்டுத் திசை பிடிக்கும்படி திருத்தி எழுதி, இருபத்து நான்கையும் மறுபடி அளந்தோம். ஷகிலா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், நான் ஓட்டினேன். மதியம் ஒன்றரை ஆயிற்று. இருபத்திரண்டு பச்சை. இரண்டு மட்டும் சிவப்பாகவே நின்றன. அந்த இரண்டிலும் சின்னத் துளைகள் நான்கும் ஒன்றாகச் சேர்ந்து, பெரிய துளையிலிருந்து 0.2 விலகியிருந்தன.

பார்த்துவிடலாமே என்று அதே இரண்டுக்கும், அந்த நான்கு துளைகளை வைத்து பெஸ்ட் ஃபிட் போட்டுப் பார்த்தேன். பச்சை. நான்கும் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் இருந்ததால், மொத்தமாக நகர்ந்தது கணக்கிலேயே வரவில்லை.

முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "அப்ப வார்ப்புக்காரன்தான் மாத்திட்டானா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஷகிலா என்னைப் பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வார்ப்பு மாறுனது உண்மைதான் சார். ஆனா அந்த விளிம்ப நம்பியிருக்கவே கூடாது. வரைபடம் காடியச் சொல்லுது. நான்தான் நேரத்த மிச்சம் பிடிக்க விளிம்ப எடுத்தேன். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அத வேலுக்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

வேலுச்சாமி பிசிறு மேசையில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் சொல்லச் சொல்ல முகமூடியை இறக்கி, அரத்தைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எம்புட்டு நல்லது?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்திரெண்டு."

"மத்த ரெண்டு?"

"அது நெசமாவே வெலகியிருக்கு, நாலு துளையும் சேந்து."

தலையை ஆட்டினார். "அது என் தப்புதான் சார். அன்னைக்கு பாகத்தப் பிடிக்கிற கிளாம்பு லூசு. பெரிய ஓட்டை போட்ட பொறவு பாகம் நகந்துருக்கும். ரெண்டு ஓடுன பொறவுதான் பாத்து இறுக்குனேன். எதுன்னு தெரியாமக் கலந்துபோச்சு. அந்த ரெண்டையும் அனுப்பிறாதீக."

பதினோரு நாள் செய்யாத குற்றத்தைச் சுமந்தவர், செய்ததைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி சார் என்றார், அவ்வளவுதான். மூன்று மணிக்கு அவர் வி.எம்.சி. முன்னால் நின்று முதல் வேலையாக கிளாம்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

திரும்பும்போது 4.40 பேருந்து. ஷகிலா ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்முன், அண்ணாச்சி மெஷினிலிருந்து இறக்கப்பட்டதை வீட்டில் சொல்லவே இல்லையாம், இன்றைக்குச் சொல்லப்போகிறாராம் என்றார். மதுரை வந்து சேர 7.15. பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 340 ரூபாய்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை 5.50 பேருந்தை விடாதீர்கள், நாள் முழுவதும் கையில் இருக்கும். எந்த இடத்திலிருந்து அளக்கச் சொல்கிறதோ அதை வரைபடத்தில் பார்த்து அதையே தொடுங்கள். ஊசி மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள். திசைக்கு எடுக்கும் புள்ளிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. கடையாத பரப்பை எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் தோராயமாகப் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, கடைந்த இடங்களில் மறுபடி பிடியுங்கள். வரைபடம் கேட்காத இடத்தில் பெஸ்ட் ஃபிட் போட்டு ரிப்போர்ட்டைப் பச்சையாக்காதீர்கள். கையால் அளந்தவர் வேறு மாதிரி சொன்னால், போனிலேயே மறுக்காமல் கிளம்பிப் போங்கள்.

வந்ததும் என் பழைய புரோகிராம்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று இடங்களில் இதேபோல விளிம்பை எடுத்திருக்கிறேன். இரண்டு இடங்களுக்குப் போய் மாற்றிவிட்டேன். மூன்றாவது சிவகாசிப் பக்கம், நாளைக் காலை கிளம்புகிறேன். போனதும் புரோகிராமைத் திறப்பதற்கு முன், அந்த மெஷினில் நிற்பவர் யார், இப்போதும் அங்கேதான் நிற்கிறாரா என்று கேட்க வேண்டும்.