வலக்கையில் பங்காளி, இடக்கையில் சம்பந்தி

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மற்ற எல்லோருக்கும் அவர் கொசு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். "ஊசி போட்டதே தெரியலைங்க, கொசு கடிச்ச மாதிரிகூட இல்லை" என்று எப்போதோ ஒருவர் புகழப்போக, 'மாதிரிகூட இல்லை' என்ற பகுதி காலப்போக்கில் உதிர்ந்து, கொசு மட்டும் நின்றுவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பெரியவர்கள் கொசு தம்பி என்பார்கள். குழந்தைகள் கொசு மாமா என்பார்கள். லேப் நடத்தும் மேடம் மட்டும் ஒரு மரியாதைக்காகப் பெயரே சொல்லாமல் "இங்க வாங்க" என்பார்.

நரம்பை அவர் கண்ணால் தேடுவதில்லை. முழங்கை மடிப்பில் விரலை வைத்து, எங்கோ பார்த்துக்கொண்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்களா என்று கேட்பவர்போல ஒரு கணம் நிற்பார். "இந்தக் கைல நரம்பே கிடைக்காது, எல்லாரும் குத்திக் குத்திப் பாத்துட்டாங்க" என்று அலுத்துக்கொள்பவர்களிடம், "அது எங்கம்மா போயிடும், உள்ளதான் இருக்கும்" என்பார். அந்த வாக்கியம் முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

அவருடைய ஒரே மகள் ஒரு போன் கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: விலை குறைந்த போனுக்கும் விலை கூடிய போனுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன கடை முதலாளி, "இதையெல்லாம் வீடியோவா போட்டுடும்மா" என்று அவளிடம் விட்டுவிட்டார். அவளுக்கு அரைகுறையாக எதுவும் செய்ய வராது. கடையிலிருந்து இரண்டு போன்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, நாள்கணக்கில் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக்கையால் தொட்டால் கேட்கிறதா, மாடிப்படித் திருப்பத்தில் பேச்சு அறுந்துபோகிறதா, இரவல் கேட்டு வரும் எதிர்வீட்டுக் குழந்தை கீழே போட்டால் என்ன ஆகிறது, எல்லாமே கணக்கில் வரும்.

வீட்டில் அந்தப் போன்களுக்குப் பெயர் வைத்தவர் கொசுதான். விலை கூடியது சம்பந்தி. முதுகெல்லாம் கண்ணாடி, வழுக்கும், சட்டைப்பையில் வைத்தால் சூடாகும், கீழே விழுந்தால் குடும்பத்துக்கே அவமானம். விலை குறைந்தது பங்காளி. பிளாஸ்டிக் உடம்பு, சத்தமாகப் பேசும், எங்கே வைத்தாலும் கிடக்கும், சார்ஜ் போட மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. மாதாமாதம் போன்கள் மாறின, பெயர்கள் மாறவில்லை.

ஸ்பிரிட் பட்டுப் பட்டுக் கொசுவின் விரல் ரேகைகள் தேய்ந்திருந்தன. அவர் விரலை வைத்தால் சம்பந்தி உடனே திறந்துகொள்ளும். பங்காளி யோசிக்கும், நடுங்கும், மறுபடி வை என்று சொல்லும்.

"சம்பந்திக்கு நம்மள நல்லாத் தெரியுது. பங்காளிக்குத்தான் நாம யாருன்னே தெரியலை" என்றார் ஒருநாள்.

"சொத்துக் கேப்பீங்கன்னு பயந்திருக்கும்" என்றாள் மனைவி, தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

சோதனைகளில் கடைசி, நடைச் சோதனை. மகள் பேசிக்கொண்டே முன்னால் நடப்பாள். கொசு இரண்டு கையிலும் இரண்டு போனைப் பிடித்து, அவளைப் படமெடுத்தபடி பின்னாலேயே போவார். நடைக்கூடம், படிக்கட்டு, தெருக்கதவு வரை. பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுவாள். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: வலக்கையில் பங்காளி, இடக்கையில் சம்பந்தி. ஒருநாளும் மாற்றியதில்லை.

ஒவ்வொரு முறையும் பங்காளி ஆடியது. சம்பந்தியில் மகள் நீரில் மிதப்பதுபோல் வழுவழுவென்று போனாள். பங்காளியில் சுவரும் படியும் அவளும் சேர்ந்து உதறினார்கள். "நடந்துகிட்டே எடுக்கறவங்க விலை குறைஞ்சதுல கையே வைக்காதீங்க" என்று அவள் முடிப்பாள். பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். கடையில் அந்த வகைப் போன்கள் கண்ணாடிக்குள் அசையாமல் கிடந்தன. "உன் பேச்சு நல்லாத்தான் எடுபடுது" என்றார் முதலாளி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவராக.

கொசுவுக்கு மட்டும் ஒன்று தெரியும். சில மாதங்களாக அவருடைய வலது கட்டைவிரல், அவரைக் கேட்காமல், ஒரு சின்ன மாத்திரையை உருட்டுவதுபோல் ஆள்காட்டி விரலின்மேல் அசைந்துகொண்டிருந்தது. ஊசி குத்தும்போது அசையாது. அந்த நேரத்தில் கை பழையபடி அவருடையதாகவே இருந்தது. குத்திய பிறகு, டியூப் நிறையும்வரை சும்மா பிடித்திருக்க வேண்டுமே, அப்போதுதான் எங்கிருந்தோ வந்து ஏறும். சுண்டுவிரலை நோயாளியின் கைமேல் ஊன்றிச் சமாளித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பார்வை மங்கிய ஊசிக்காரனுக்குக்கூட விரல் இருக்கிறது. விரல் போன ஊசிக்காரனுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே, பங்காளி ஆடுது என்று மகள் சொல்லும்போதெல்லாம் அவர் மறுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்த கைக்கு, கூடமே தானாகக் கோணலாகிக் கொடுத்தது. யாரோ தம் பழியை வாங்கிக்கொண்டதுபோல, அந்தப் பிளாஸ்டிக் போனின்மேல் அவருக்குச் சொல்லமுடியாத ஒரு நன்றி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த இரண்டு போன்களுக்கும் முதலாளி ஒரே மாதிரிக் கறுப்பு உறை போட்டு அனுப்பியிருந்தார். வீட்டைப் பூட்டுவதற்காக இரண்டையும் இடக்கையில் சேர்த்துப் பிடித்த கொசு, பூட்டியபின் ஒன்றை வலக்கைக்கு மாற்றினார். எது என்று பார்க்கவில்லை. நடந்தார்கள், இறங்கினார்கள், தெருக்கதவைத் தொட்டுத் திரும்பினார்கள்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்த மகள், "என்னப்பா இது, இன்னைக்குப் பங்காளி ஆடவே இல்லை" என்றாள்.

"நல்ல கம்பெனியா இருக்கும்" என்றார் அவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"சம்பந்தி ஒரு மாதிரி நெளியறாரே. தண்ணிக்குள்ள தெரியற மாதிரி."

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். அவள் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினாள். "கைப்பிடிக் கம்பி எப்பவும் சம்பந்தி பக்கந்தான் வரும். இன்னைக்குப் பங்காளிக்குள்ள வந்திருக்கு. கை மாத்திப் பிடிச்சிட்டீங்களா?"

"இருக்கும்."

"அப்பா, இன்னொரு வாட்டி நடக்கலாமா?"

அவர் பேப்பரை மடித்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். வெயில், கால்வலி, தூக்கம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். நடைக்கூடத்துக்குப் போனார்கள். பங்காளியை வலக்கையில் வாங்கியவர், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார்.

"ஒட்டாதீங்கப்பா. எப்பவும் பிடிக்கற மாதிரியே பிடிங்க."

கையைப் பிரித்தார்.

"நடக்க வேண்டாம். அப்படியே நில்லுங்க."

நின்றார். அவளும் எதிரில் நின்றாள். நடைக்கூடத்தில் ஒருவரும் நடக்கவில்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் வலப்பக்கத் திரையில் அவள் முகம் நடுங்க ஆரம்பித்தது. அவள் கிட்டே வந்து இரண்டு போன்களையும் கைமாற்றி வைத்தாள். மறுபடி விலகி நின்றாள். இப்போது பங்காளிக்குள் அவள் ஒரு புகைப்படம்போல் இருந்தாள். ஒரே ஒரு பொருளை மாற்று, மற்றதை அப்படியே வை, எது மாறுகிறது பார்: அவளுடைய வேலையே அதுதான். இத்தனை நாள் போனில் செய்ததை அன்றைக்கு அப்பாவின்மேல் செய்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"விலை கம்மி போனும்மா. அது அப்படித்தான்."

"அப்பா."

அவள் இரண்டு போன்களையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கதவோரம் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது.

"டீ குடிக்கறப்போ சாஸர் சத்தம் எனக்குக் கேக்கலைன்னு நினைச்சீங்களா?" என்றாள் அவள். "அதனாலதான் சாஸரை எடுத்து உள்ள வச்சேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

"உனக்குத் தெரியும்னா நீ கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்க. அப்புறம் அந்தப் பொய்யையும் சேத்துத் தூக்கிட்டு அலையணும். கை நடுங்கறது போதாதா?"

மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு போன்களும் நடுவில் கவிழ்ந்து கிடந்தன. உறைக்குள் எது எது என்று தெரியவில்லை.

மகள்தான் முதலில் பேசினாள். "பழைய வீடியோ எல்லாத்தையும் எடுத்துடறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"எடுத்தா போதுமா? அந்தப் போனெல்லாம் ஆடும்னு சொன்னோமே."

"ஆடாதுன்னு சொல்லணும்னா, பிடிச்ச கைதான் ஆடுச்சுன்னு சொல்லணும். அப்பாதான் பிடிக்கறார்னு எல்லா வீடியோவுலயும் சொல்லியிருக்கேன், அது யார் கைன்னு கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் தெரியும்ப்பா. நாளைக்கு யார் உங்ககிட்ட கை நீட்டுவாங்க?"

அவர் தன் வலக்கையைப் பார்த்தார். மேஜையின்மேல் அது ஒரு சின்னப் பிராணிபோல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"நீட்டக் கூடாதும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வாரம் ஒருத்தருக்கு, டியூப் பாதி நிறையறப்போ ஊசி உள்ள நகந்துடுச்சு. முகம் சுருங்கிப்போச்சு அவருக்கு. வலிக்குதான்னு கேட்டேன். இல்லவே இல்லை, உங்க கை ஆச்சேன்னு சொன்னார். என் பேருக்காக வலியை முழுங்கிட்டுப் போனார் மனுஷன்." கவிழ்ந்து கிடந்த போன்களைப் பார்த்தார். "போன் கெட்ட பேர் வாங்கினா அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் கெட்ட பேருக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுகிட்டு நாளைக்கும் ஊசியை எடுப்பேன். நாளன்னைக்கும் எடுப்பேன்."

மனைவி எழுந்து போய் முகம் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் குழாய் ஓடியது.

"உள்ளது உள்ளபடி சொல்லி, நாளைக்குச் சாயங்காலம் போடு" என்றார் கொசு. "காலையில நானே மேடம்கிட்ட போய்ச் சொல்லிடறேன். அவங்க அதை உன் வீடியோவுல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

மறுநாள் லேப் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னதைக் கேட்டார். இரண்டு கைகளையும் மேஜைமேல் தளர்வாக வைக்கச் சொன்னார். இடக்கை கிடந்தது. வலக்கையின் கட்டைவிரல் உருட்டத் தொடங்கியது. மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர்ப்பக்கம் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடி முடித்து நின்றது.

"நரம்பு டாக்டர்கிட்ட இன்னைக்கே போங்க. நான் பேசி வைக்கிறேன்" என்றார். "ஊசி இனிமே வேண்டாம். முன்மேஜையைப் பாத்துக்குங்க. இங்கதான் இருப்பீங்க, சரியா?"

"சரிங்க மேடம்." அவர் எழுந்தார்.

வெளியே, கூட வேலை பார்க்கும் பெண் தவிப்போடு நின்றிருந்தாள். "அண்ணா, இந்த ஐயா என்னை எடுக்கவே விடமாட்டேங்கறார்."

நாற்காலியில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை மட்டும் மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாரு. நீங்களே எடுங்க தம்பி. சின்னப்பிள்ளைங்க குத்தினா எனக்கு ஒருவாரத்துக்கு நீலமாக் கிடக்கு."

"இன்னைக்கு இவங்க எடுப்பாங்க ஐயா."

"ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சுவரோரம் ஒரு பெண் குழந்தையின் வாயைப் பொத்தினாள். வேறு அவசரம், வேறு வேலை என்று எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கே அது தோன்றியது.

"கை நடுங்குது" என்றார் கொசு.

வாய்விட்டுச் சொன்னபோது அது அவர் பயந்த அளவுக்குப் பெரிய வார்த்தையாக இல்லை. எல்லோரும் தினமும் பேசும் இரண்டு சொற்கள்.

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குக் கால் நடுங்குது. கிளட்சுல வச்சா நிக்காது. அதான் வண்டியை விட்டேன்" என்றார். பிறகு மார்போடு கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்து, அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி நீட்டினார். "மெதுவா எடும்மா. அவரு பாத்துகிட்டிருக்காரு."

"இல்லைங்க ஐயா, அவங்களே எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கொசு முன்மேஜைக்குப் போய் உட்கார்ந்து, அடுத்து நின்றவரிடம் பெயர் கேட்டார்.