பத்து மணிக்குப் போட்ட வட்டம்

தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள் எவனில்டா. "கை சில்லுன்னு இருக்கும், பயந்துராதீங்க" என்பாள். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் அதே பேச்சுதான். காதில் விழாதவரிடம் எதற்குச் சொல்கிறாய் என்று யாராவது கேட்டால், விழவில்லை என்று உனக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பாள். ரியாச்சோ கிளாரோ ஊரின் தர்ம ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டே அவள் வாய்க்குப் பழகியிருந்தது.

அவளை நர்ஸ் ஆக்கியது பள்ளிக்கூடம் அல்ல, ஈரத்துணி மூட்டை. பத்தொன்பது வயதில் துணி வெளுக்க வந்தவள். அப்போது ஆஸ்பத்திரி ஜெர்மன் கன்னியாஸ்திரிகள் கையில் இருந்தது. இடுப்புக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறியவளை சிஸ்டர் வால்புர்கா பார்த்தார். அன்று மத்தியானமே தொடை ஒடிந்த ஒரு மாட்டுக்காரரைத் தூக்க வைத்தார். பாடம் மூன்றே மூன்று: பார், செய், வாயை மூடு. முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது கடைசிவரை வரவில்லை.

கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிக்க வைத்தாள். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டினாள். கன்னியாஸ்திரிகள் ஒவ்வொருவராக மூப்படைந்து ஊர் திரும்பினார்கள். டாக்டர் வாரம் இரண்டு நாள் வந்து எழுதிவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் வார்டு ஏழு பெண்களின் தலையில். உதவியாள் என்று பெயர். கையில் ஒரு காகிதம் கிடையாது.

பிறகு சட்டம் வந்தது. நோயாளியைத் தொடுகிறவர்கள் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், பத்து வருஷம் அவகாசம் என்றது. அந்த வறண்ட ஊருக்கு எந்தச் சட்டமும் களைத்துப்போய்த்தான் வந்து சேரும் என்று ஏழு பேரும் சிரித்தார்கள். ஒன்பதாவது வருஷம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசி வகுப்பு என்று அறிவித்தார்கள். இதில் தேறாதவர்களுக்குத் திரும்பவும் வெளுப்பறைதான். எவனில்டாவுக்கு அப்போது நாற்பத்தேழு. துணி துவைக்க அவள் அஞ்சவில்லை. வேறு யாரோ வந்து, சொல்லாமல் கொள்ளாமல் இவர்களைத் தொடுவார்களே என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

பாடம் நடத்த ரெசிஃபி நகரத்திலிருந்து லிஜியா வந்தாள். இருபத்தாறு வயது, பல்கலைக்கழகப் படிப்பு. டாக்டர் சொன்னதைச் செய்வதோடு நம் வேலை முடியவில்லை என்றாள். மனுஷனுக்கு என்ன குறைகிறது என்று பார்க்கணும், திட்டம் போடணும், செய்யணும், எழுதணும், மறுபடி பார்க்கணும். மனுஷத் தேவைகளைப் படிப்படியாகப் பலகையில் வரைந்தாள். மூச்சு, தண்ணீர், தூக்கம் என்று கீழிருந்து மேலே. காலையில் சோளப் புட்டு வேகும் நேரத்தில் எவனில்டா அதை மனப்பாடம் செய்தாள். பெண்டாட்டி பார்க்க வருவதற்குள் சவரம் செய்துவிடச் சொல்கிறாரே ஒருவர், அது எந்தப் படி என்று ஒருநாள் வகுப்பில் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் லிஜியா. மறுநாள் வந்து, இரண்டு படியில் கால் வைத்து நிற்கிறது என்றாள். அன்றிலிருந்து எவனில்டாவுக்கு டீச்சரைப் பிடித்துப்போயிற்று.

பிடிக்காதது எழுத்து. நாலாம் வகுப்போடு நின்ற கை. வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் உண்டு. எந்த வேலை, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். செய்து முடித்ததும் அந்த மணியின் மேல் ஒரு கோடு கிழிக்க வேண்டும். செய்யாவிட்டால் மணியைச் சுற்றி வட்டம் போட்டு, பின்பக்கம் காரணம் எழுத வேண்டும். விதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல வருஷமாக வட்டத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. வட்டம் போட்டவள் சோம்பேறி என்று முன்பிருந்த மேற்பார்வையாளர் கத்துவார். அதனால் காலையில் வந்ததும் அன்றைக்குரிய கோடுகளை எல்லாம் மொத்தமாகக் கிழித்துவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இதைக் கேட்டு லிஜியாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. அடுத்து வருகிறவள் எதை நம்புவாள் என்று கேட்டாள். வகுப்பே தலையாட்டியது.

செய்முறைத் தேர்வு நாளில் எவனில்டாவுக்கு ஏழாம் கட்டில் ஒடிலோன் வாய்த்தார். உப்பு லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் புற்று. கால் இரண்டும் அசையாது. "பின் டயர் ரெண்டும் போச்சு, ஹார்ன் மட்டும் நல்லாருக்கு" என்பார். அவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று தாளில் இருந்தது. எட்டு மணிக்குப் புரட்டினாள். ஒன்பதரைக்குப் போட வேண்டிய வலி ஊசி வரவில்லை. அந்த மருந்து இருக்கும் அலமாரியின் சாவி மருந்துக்காரரிடம். அவரோ நகராட்சியில் கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

பத்து மணிக்கு ஒடிலோனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. தொடப் போகிறேன் என்று அவள் சொன்னாள். "இன்னைக்கு வேண்டாம் தாயே" என்றார். அதற்கு மேல் வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை.

முதுகுக்கடியில் கையை மட்டும் மெல்ல நுழைத்துத் தடவிப் பார்த்தாள். சூடு இல்லை, ஈரம் இல்லை. ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, புண்ணாகாமல் இருக்கக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். பிறகு தாளை எடுத்தாள். மதிய முறைக்குச் சீக்கிரமே வந்திருந்த இவொனெட், ஏழு பேரில் முந்தைய வகுப்பிலேயே தேறியவள், தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கோட்டக் கிழிடி. டீச்சர் வார்டோட அந்தக் கடைசில இருக்கா. யாரு பாத்தா?"

"கிழிச்சா, பொரட்டியாச்சுன்னு நினைச்சு பன்னெண்டு வரைக்கும் யாரும் கிட்ட வரமாட்டாங்க."

"வெளுப்பறையில உக்காந்து இந்த நியாயத்த சோப்புகிட்ட பேசு."

எவனில்டா பத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். பழகாத கையில் அது முட்டை மாதிரி வந்தது. காரணம் எழுத உட்கார்ந்தால் அரைமணி ஆகும். முதலில் மருந்து என்று தாளை வைத்துவிட்டு, நகராட்சிக்கே ஓடினாள்.

அவள் போன பிறகு லிஜியா வந்தாள். தாளில் வட்டம், பின்பக்கம் வெறுமை. காரணமில்லாத வட்டத்துக்குச் சுழி மதிப்பெண், அந்தச் சுழி வந்தால் தேர்வே தோல்வி. அவளே வகுத்துக் கொடுத்த மதிப்பெண் முறை. பேனாவைத் திறந்தாள், மூடினாள். அக்கா எங்கே என்று இவொனெட்டிடம் கேட்டாள். இவொனெட் நினைத்தால் ஒரு பொய் சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால், சாவி வாங்கப் போயிருக்கிறாள், தேர்வு நாளில் வார்டை விட்டு வெளியே போனவள் இவள் ஒருத்திதான் என்று உள்ளதையே சொன்னாள்.

பத்தே முக்காலுக்கு எவனில்டா மூச்சிரைக்க வந்தாள், பின்னால் மருந்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே. ஊசி போட்டாள். அரைமணி காத்தாள். ஒடிலோனின் புருவம் தளர்ந்ததும், தொடப் போகிறேன் என்று சொல்லிப் புரட்டினாள். பதினொன்று இருபது. முதுகைத் திருப்பிக் காட்டினாள். லிஜியா குனிந்து பார்த்தாள். சிவப்பு எங்கும் இல்லை.

அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து வரி. லிஜியா பக்கத்தில் நின்று காத்தாள். "பத்து மணிக்குப் புரட்டவில்லை. வலி அதிகம், ஊசி வரவில்லை. வேண்டாம் என்றார். முதுகு பார்த்தேன், நன்றாக இருக்கிறது. குதிகாலில் தண்ணீர்க் கையுறை. 11.20க்குப் புரட்டினேன். அடுத்தது 1.20." எழுத்துப்பிழை நாலு இருந்தது.

லிஜியா இரண்டு முறை படித்தாள்.

"வட்டம் போட்டதும் ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கணும்க்கா. நான் சுழி போட இருந்தேன்."

"தெரியும் டீச்சர். ஒரு வார்த்தை எழுதுறதுக்குள்ள அவர் இன்னும் பத்து நிமிஷம் வலியில கெடப்பாரு. என் எழுத்து அவ்வளவு வேகம்."

லிஜியா தாமதமாக எழுதியதற்கு மூன்று மதிப்பெண் குறைத்தாள். வார்டை விட்டுச் சொல்லாமல் போனதற்கு இன்னும் இரண்டு. கூட்டிப் பார்த்து, தேறிட்டீங்க, அரை மதிப்பெண்ணுல என்றாள். எவனில்டா தாளை அதன் இடத்தில் வைத்தாள்.

ஒரு மணிக்கு அவள் முறை முடிந்தது. மற்றவர்கள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அச்சடித்த நேரத்தைப் பார்த்து, பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி இரண்டு மணிக்குத்தான் என்று இருந்துவிடுவார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஏழாம் கட்டில் பக்கம் வந்தாள்.

அங்கே இவொனெட் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு இருவதுன்னு எழுதியிருக்க. வந்து அந்தப் பக்கம் புடி."

எவனில்டா கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். சொல்ல வாயெடுப்பதற்குள் ஒடிலோன் முந்திக்கொண்டார்.

"பாஸாயிட்டியாமே. இனிமே எங்கள எல்லாம் தொடுவியா?"

"தொடத்தான் போறேன். கை சில்லுன்னு இருக்கும்" என்றாள் எவனில்டா. இருவரும் சேர்ந்து அவரை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள்.