மச்சத்தைச் சுரண்டியவன்

போட்டோவை எண்ணெய் ஓவியம் மாதிரி ஆக்கித் தருகிற தொழிலில், கை நன்றாக வந்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. நீங்களும் எங்கேயாவது ஒரு ஸ்டூடியோவில் சொந்தக்காரர் படத்தைக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரைச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பீர்கள். அந்த யாரோ ஒருவரை வரைந்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில் காரைக்காலில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. துரைமார் வீட்டுச் சுவர்களில் பழுப்பேறித் தொங்கிய பெரிய ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. போட்டோவைப் பெரிதாக்கி, பஞ்சாலும் பிரஷ்ஷாலும் ஆயில் கலர் ஏற்றி, மேலே பழுப்பு வார்னிஷ் பூசிக் கொடுப்பேன். சுருக்கத்தை எடுப்பேன், பல்லை வரிசைப்படுத்துவேன். யாரும் கேட்காமலே செய்வேன். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

கோட்டு

குரும்பகரத்து விவசாயி ஒருவர், காலமான தகப்பனாரின் படத்தைக் கொண்டுவந்தார். நெல் களத்தில் வெற்று மேனியோடு நிற்கிறார் பெரியவர். ஓவியத்தில் இப்படி நிற்கலாமா என்று கறுப்புக் கோட்டு மாட்டி, கழுத்துவரை பொத்தானும் போட்டேன். களத்தை அழித்துச் சிவப்புத் திரை தொங்கவிட்டேன். வேலை முடிந்ததும் எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

மகன் வந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்: "நல்லாத்தாங்க இருக்கு. எங்கப்பாருக்கு மேலுல துண்டு கெடந்தாலே புழுங்கும். அவர இப்புடிப் பூட்டி வச்சிட்டீங்களே, எப்பங்க கழட்டுறது?"

நூறு வருஷப் பழசு

ஒரு முஸ்லிம் அம்மாள், சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்த மகனின் படத்தைக் கொடுத்தனுப்பினார். மகனைப் பார்த்து மூன்று வருஷம். அந்தப் படத்துக்குத்தான் என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். மூன்று கை வார்னிஷ், ஓரங்களில் புகை படிந்த இருட்டு. அந்தக் காலத்து ராஜாங்க ஓவியம் தோற்றது போங்கள்.

அந்த அம்மாளே நேரில் வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தார். ஓரத்து இருட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். டர்பன்டைன் தொட்டு வார்னிஷைத் துடைக்கப் போனேன். வார்னிஷோடு கன்னத்து நிறமும் வந்துவிட்டது. அவர் என் கையைத் தடுத்தார். "நல்லாருக்குற புள்ளைய மவுத்தாயி நூறு வருஷம் ஆன மாரி ஆக்கிட்டியே தம்பி, இத நான் எப்புடித் தெனம் பாப்பேன்?"

கரும்புள்ளி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது அவள் வயிற்றில் இருந்த மகளுக்கு இப்போது ஐந்து வயது. அப்பன் முகம் மகளுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் படம். அவளிடம் இருந்தது கல்யாணத்தில் எடுத்த உள்ளங்கை அளவுப் படம் ஒன்றே ஒன்று. நெகடிவ் கிடையாது. உப்புக்காற்றில் பூஞ்சை பூத்து, முகமெல்லாம் புள்ளி.

இப்படிப்பட்ட படத்தை முதலில் நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். தொழிலில் இது அரிச்சுவடி. அன்றைக்கு எனக்கு அவசரம். மூலப்படத்தையே பிளேடு நுனியால் சுரண்டிச் சுத்தம் செய்தால் நகல் பளிச்சென்று வருமே என்று ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். கன்னத்தில் இருந்த பெரிய புள்ளி சுலபத்தில் வரவில்லை. விடாமல் சுரண்டினேன்.

படம் வாங்க மகளோடு வந்தாள். மகளின் கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அதைப் பார்த்ததும், நான் விடாமல் சுரண்டி எடுத்தது எதை என்று புரிந்துவிட்டது. ஓவியத்தில் அவள் கணவனின் கன்னம் வழவழவென்று இருந்தது. "மச்சம் எங்கங்க?" என்றாள். உண்மையைச் சொன்னேன். சின்னப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த இடத்தில் வெள்ளைத்தாள்தான் தெரிந்தது. சுரண்டல் பரவியதில் நடு இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

"எந்த இடம்னு காட்டும்மா, வச்சுத் தந்துடுறேன்" என்றேன். ஓவியத்தின் கன்னத்தில் விரலை வைத்தாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள். பிறகு காதுப்பக்கம். விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் நிச்சயமில்லை. நான் செய்த காரியத்தின் முழு அளவும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "இவளப் பாத்து வச்சிடுங்க. இத்தினி நாளு அப்பன் மாரி பொண்ணுன்னு சொன்னேன். இனிமே பொண்ணு மாரி அப்பன்னு சொல்லிக்கிறேன்."

எத்தனையோ முகங்களுக்கு வண்ணம் பூசிய எனக்கு, ஆளைப் பார்த்து வரைந்தது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மச்சம்தான் மிச்சம்.