தூசி என்று நினைத்தோம்

என் கணவர் தேயிலை ஆலையில் தூள் சலிப்பவர். கண்ணில் தூசி விழுந்தால், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைக்குப் பால்கொடுக்கும் பெண்ணிடம் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விடுவது எங்கள் வழக்கம். வலது கண் மங்கியபோதும் அதையே செய்தோம். "வலியே இல்ல புள்ள, தூசிதான்" என்றார்.

ஒருநாள் பகலில், இடது கண்ணைத் துண்டால் பொத்தித் துடைத்துக்கொண்டே, "ஏன் கதவ சாத்துன?" என்று கேட்டார். கதவு திறந்தேதான் கிடந்தது. இடது கண் மூடியிருக்க, வலது கண்ணுக்கு வெளிச்சமே தெரியவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், கண்ணுக்குள் ரத்த ஓட்டம் அடைபட்டுவிட்டதாம். அவருக்குச் சீனி இருப்பதே அன்றுதான் தெரியும். "போன பார்வை திரும்பாதும்மா. இடது கண்ணுக்கு லேசர் வெச்சா, இருக்கிறதக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். காப்பாற்றினார்.

இப்போது தினமும் காலையில் வீட்டிலுள்ள எல்லோரையும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி, "கதவு தெறந்திருக்கா, சாத்தியிருக்கா?" என்று கேட்கிறேன்.