வேலியில் வைத்த பழம்

ஆயர் குரோ காட்டுப் பக்கம் என் மகன் காரை ஓரங்கட்டி, சாலையோரக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டினான். "பாவம்மா, பசிக்குது லா" என்றான். பாவமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நான் சின்னப்பிள்ளை. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அம்மா போட்ட மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. அப்பாவுக்கு ஜப்பான் சண்டைக்கு முந்தியே ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் ஆஞ்சநேயரை நினைத்து, குரங்குகளுக்கு வேலியில் பழம் வைப்பார். சண்டை வந்ததும் பழம் நின்றது. குரங்குகள் நிற்கவில்லை. ஒருநாள் வேலியைத் தாண்டி வந்து, முற்றாத கிழங்கைச் செடியோடு பிடுங்கி, பாதியைத் தின்று மீதியை எறிந்தன.

அம்மா விறகுக்கட்டையோடு ஓடினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிய அடிக்காத."

"சாமிக்குப் பசின்னா நீங்க பட்டினி கெடங்க. எம்புள்ளைங்க ஏன் கெடக்கணும்?"

அவர் கையை விடவில்லை. கடைசிச் செடியும் போனது.

குரங்கு கடித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி, கழுவி, அம்மா அவித்தாள். நானும் தங்கச்சியும் தின்றோம். எங்கள் பங்கிலிருந்து அப்பாவும் எடுத்துத் தின்றார். அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மகன் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கினேன். அந்தக் குரங்கைப் பார்த்துக்கொண்டே, முழுப் பழத்தையும் நானே தின்றேன்.